திகதி போடாத கடிதம்

திருகோணமலை
14.08.1943

அன்புள்ள இன்பமலருக்கு,

மூன்றரை வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்தே இரண்டு தாளை வீணாக்கிவிட்டேன். தாள் கிடைக்காத இந்தக் காலத்தில் அது பெரிய குற்றம். ஆகையால் சுகம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். நீர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவீரா?

நீர் போன பிறகு கணிதத்துக்கு வந்த தங்கத்துரை மாஸ்டர் போன மாதம் கப்பல் செப்பனிடும் டொக்யாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சாமான் அறையில் ஆணியும் கம்பியும் எண்ணிக் கொடுக்கிற வேலை. "ரீச்சர், ஆணி திருப்பிக் கதைக்காது" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அவரோடு கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு இளம் ரீச்சர்மார் அவருக்கு முன்பே கடற்படைக் கந்தோருக்கு டெலிபோன் பிடிக்கப் போய்விட்டார்கள். பத்திரிகையில் இருமுறை விளம்பரம் போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரேயொரு பதில் வந்தது. பள்ளிக்கூடம் துறைமுகத்துக்கு எத்தனை மைல், பதுங்குகுழி சீமெந்தா மண்ணா என்று கேட்டிருந்தார். அரை மைல், மண் என்று உண்மையை எழுதினேன். அதன்பிறகு அவரிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போட்ட போன வருஷம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தை இந்தத் தை மாதம்தான் திறந்தோம். பாதிக் கட்டடத்தில் இராணுவத்தின் அரிசி மூட்டைகள். மேல் வகுப்பு தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் நடக்கிறது. அதில் ஒன்பது பிள்ளைகள். மார்கழியில் எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுத வேண்டியவர்கள். செப்டெம்பர் முடியுமுன் கணிதத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் மேல் வகுப்பை மூடி, எட்டாம் வகுப்போடு நிறுத்திவிடலாம் என்று மனேஜர் வீரசிங்கம் சொல்லிவிட்டார். வழக்குப் பேசுகிற மனிதர், ஒரு முறை சொன்னதை மாற்றுவது அபூர்வம். நான் படித்தது ஆங்கிலமும் சரித்திரமும். எவ்வளவு பாடுபட்டாலும் கேத்திரகணிதத்தை என்னால் இழுத்துக்கொண்டு போக முடியாது.

போன கிழமை அந்த ஒன்பது பேரிடமும் கேட்டேன், படித்து முடித்து யாருக்கு என்ன வேலைக்குப் போக விருப்பம் என்று. தாதி வேலைக்கு இரண்டு கைகள். டைப் அடிக்க மூன்று. கலியாணம் என்று சொல்லி ஒருத்தி சிரித்தாள். ரீச்சர் வேலைக்கு ஒரு கையும் எழவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிற ஜெஸீமா எழும்பினாள். கணக்கில் வகுப்புக்கே முதல் பிள்ளை. "ரீச்சர், இந்த வேலைக்கு வாறதெண்டால் மொதல் நாளே திகதி போடாத கடிதம் ஒண்டு எழுதிக் குடுக்கணுமாம். மெய்தானா?" என்று கேட்டாள்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய திகதியை எழுதினேன்.

நீரும் மைக்கலும் குழந்தையும் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
இரத்தினேஸ்வரி

மூதூர்
19.08.1943

மதிப்புக்குரிய பள்ளி அதிபர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் என் வீட்டுக்காரரே இந்த ஊர்த் தபாலதிபர். முத்திரை குத்திய கையாலேயே கொண்டுவந்து தந்தார். "மணி மணியான எழுத்து. உம்மை வீட்டுக்கு அனுப்பினவதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

வர ஏலாது.

காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். இத்தனை நாளாக மனதுக்குள் எழுதி எழுதியே களைத்துப் போனேன்.

1931இல் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நீங்கள் ஒரு தாளை என் முன் வைத்தீர்கள். "எனது சொந்த விருப்பின் பேரில் ஆசிரியப் பதவியிலிருந்து விலகுகிறேன்" என்று உங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தது. திகதிக்கு மட்டும் வெற்றிடம். "இங்க இது வழக்கம், பயப்படாதேயும். கலியாணம் முடிச்சால் மட்டும்தான்" என்றீர்கள். அலுமாரியில் உங்களுடைய கடிதமும் இருக்கிறது என்றீர்கள். கறுப்பு மையில் கையெழுத்து வைத்தேன். இருபத்தைந்து வயது எனக்கு.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கலியாணம் பேசி முடிந்தது என்று உங்களிடம்தான் முதலில் சொன்னேன். வீட்டாருக்கு அடுத்தபடி நீங்கள்தான் எனக்கு. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் நிற்கும்போது பியோன் அந்தத் தாளைக் கொண்டுவந்தான். வெற்றிடத்தில் நீல மை. 23.01.1940. உங்கள் எழுத்து. கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. தவணை முடியும்வரையாவது விட்டிருக்கலாம். வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலுவலக அறைக்கும் என் வகுப்புக்கும் இடையில் இருபது அடி கூட இல்லை.

அன்று கரும்பலகையில் மூன்றாவது கணக்கு பாதியில் நின்றது. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிற இரண்டு கோடுகள். இரண்டும் ஒரே நீளம் என்று நிறுவ வேண்டும். சோக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனேன். அந்தக் கணக்கை யார் முடித்தது?

இப்போது விதி மாறிவிட்டதா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மாறவில்லை என்றால் என்னை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? ஊரில் ஆள் தீர்ந்துபோனால் மட்டும் கலியாணம் முடித்தவளுக்கு மூளை திரும்பி வந்துவிடுமா?

பேணாட்டுக்கு இரண்டரை வயது. சுகமாயிருக்கிறான்.

இன்பமலர் மைக்கல்

திருகோணமலை
27.08.1943

அன்புள்ள இன்பமலர்,

அந்தக் கணக்கை ஒருவரும் முடிக்கவில்லை. நீர் இறங்கிப் போன பிறகு நான்தான் வகுப்புக்குப் போனேன். சோக்கைக் கையில் எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பலகையைத் துடைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பினேன்.

நீர் எழுதியது முழுவதும் உண்மை. மனேஜர் "இண்டைக்கே போடுங்கோ" என்றார், போட்டேன். இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்த நியாயம் அதுதான். உம்முடைய கடிதத்தைப் படித்தபின் அது நிற்கவில்லை. நான் நினைத்திருந்தால் தவணை முடியும்வரை இழுத்தடித்திருக்கலாம். அவர் கேட்டிருப்பார்.

நீர் வந்து கலியாணம் என்று சொன்ன அந்தத் திங்கட்கிழமை எனக்குள் ஒரு கோபம் எழுந்தது. பள்ளிக்கூடத்துக்காக வந்த கோபம் என்றே நினைத்தேன். ஒரு நல்ல கணித ரீச்சரை இழக்கிறோமே என்று. இப்போது யோசித்தால் அது வேறு. 1924இல் நானும் அதே மாதிரித் தாளில் கையெழுத்து வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து எனக்கும் ஒரு இடத்தில் பேசினார்கள். நல்ல மனிதர்தான். அலுமாரியை நினைத்து வேண்டாம் என்றேன். நான் செலுத்திய விலையைச் செலுத்தாமல் நீர் சிரித்துக்கொண்டு போகப் போகிறீர் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதை எழுதவே வெட்கமாயிருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

இனி வேலை விஷயம். மனேஜரோடு கதைத்தேன். முதலில் முடியாது என்றார். மெல்ல மெல்ல ஒரு வழிக்கு வந்திருக்கிறார். நீர் பழைய பெயரிலேயே, செல்வி என்று, ரீச்சர்மார் பதிவு இடாப்பில் கையெழுத்திட வேண்டும். குழந்தையை மூதூரிலேயே விட்டுவர வேண்டும். பிள்ளைகளின் பெற்றோரிடம் உம்முடைய கலியாணத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பரீட்சை முடியும்வரை மூன்று மாதம். இத்தோடு வைத்திருக்கும் தாளில் மட்டும் வழக்கம்போல ஒரு கையெழுத்து வைத்து அனுப்பும்.

பெரிய வெற்றி இல்லை, தெரியும். ஆனால் ஒன்பது பிள்ளைகளை நினைத்துப் பாரும்.

இரத்தினேஸ்வரி

மூதூர்
01.09.1943

அதிபர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து அழுதேன். உண்மையைச் சொல்கிறேன். குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று அழுதேன். பிறகு இரண்டாம் பாதியைப் படித்தேன். உள்ளே இருந்த தாளை எடுத்தேன். அதே வாசகம், அதே மணி மணியான எழுத்து, திகதிக்கு அதே வெற்றிடம். ஒரு கையால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறு கையால் இதை எழுதியிருக்கிறீர்களே! இப்படி ஒரு பிழையை உங்களைத் தவிர யாராலும் விட முடியாது. நல்லதுதான் செய்கிறோம் என்று மனதார நம்பித்தானே அனுப்பினீர்கள்?

மைக்கலிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "அப்ப நான் ஆர்? மூண்டு மாசத்துக்கு உம்மட அண்ணனோ?" என்று கேட்டார்.

பெற்ற பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு, இல்லாத ஒருத்தியின் பெயரில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. தாளை வீணாக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய தாளின் மறுபக்கம் நல்ல வெள்ளையாக இருந்தது. அதில் மூன்றாவது கணக்கை முழுவதும் செய்து, படமும் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கொட்டிலில் தொங்கவிடுங்கள். முன்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும்.

ஒன்பது பேரும் செய்த கணக்குகளை வாரத்துக்கு ஒருமுறை கட்டாகக் கட்டி அனுப்புங்கள். திருத்தி, அடுத்த பாடத்தையும் எழுதி அடுத்த வள்ளத்தில் அனுப்புவேன். இதற்கு இடாப்பும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

இது உங்களுக்காக இல்லை.

இன்பமலர் மைக்கல்

திருகோணமலை
24.09.1943

அன்புள்ள இன்பமலர்,

உம்முடைய பாடங்கள் மூன்றும் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் பியோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சிவப்பு மையில் நீர் எழுதுகிற வசைகளை ஒருத்திக்கொருத்தி வாசித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். "இந்தக் கோணத்தை எந்தச் சந்தையில் வாங்கினீர்?" என்று யாருக்கோ எழுதியிருந்தீரே, அது இப்போது கொட்டில் முழுக்கப் பழக்கம். வலது பக்கம் இடது பக்கம் மாறினால் கூட அதைத்தான் கேட்கிறார்கள். உம்மை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள்.

நாலாவது பாடம் வரவில்லை. அதற்குப் பதிலாக நேற்றுக் காலை ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், அவருக்கு மொழிபெயர்க்க அலியார் என்பவரும் வந்தார்கள். அதிகாரியின் கையில் உம்முடைய உறை. பிரித்து ஒட்டியிருந்தது. தபாலைச் சோதிக்கிற இடத்தில் யாரோ உம்முடைய படத்தைக் கண்டு திடுக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வட்டம். வெளியே ஒரு புள்ளி. அதிலிருந்து வட்டத்தைத் தொடுகிற இரண்டு கோடுகள். கொட்டிலில் தொங்குகிற அதே படம்தான், இம்முறை பக்கத்தில் நீளம், பாகை. மூதூரிலிருந்து துறைமுகத்துக்கு.

அலியார் தலையைச் சொறிந்தார். "ரீச்சர், துரை கேக்கிறார், இந்த வட்டம் உள்துறைமுகமாம். வெளிய நிக்கிற புள்ளி என்ன கப்பலாம்?"

எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்று சொன்னேன். அதிகாரி நேராகவே கேட்டார். இது பாடம் என்றேன். அவர் நம்பவில்லை. அப்போது ஜெஸீமா எழும்பி, யாரும் சொல்லாமலே பலகைக்குப் போனாள். வட்டம் போட்டாள். மையத்திலிருந்து தொடுகிற இடங்களுக்குக் கோடு போட்டாள். இரண்டு முக்கோணங்களையும் காட்டி, எந்தப் பக்கம் எதற்குச் சமன், ஏன் சமன் என்று ஆங்கிலத்தில் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போனாள். உம்முடைய படிகள். கடைசி வரியின் கீழ் இரண்டு தரம் கோடடித்தாள்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். பள்ளியில் தனக்கு இது ஒருநாளும் வராத கணக்கு என்றார். அலியார் என்னிடம் மெல்ல, "எங்கட ஊர்ப் புள்ள ரீச்சர். அபூதாஹிர்ர மகள்" என்றார், தானே நிறுவியதுபோல.

ஆனால் போகும்போது அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். இனிமேல் படம், கோடு, பாகை எதுவும் தபாலில் வரக் கூடாது. வந்தால் உம்மையும் மைக்கலையும் விசாரிக்க வேண்டி வரும். படமில்லாமல் கேத்திரகணிதம் ஏது? ஆக, தபால் வகுப்பு முடிந்தது.

மனேஜரின் தவணை வியாழக்கிழமையோடு தீர்கிறது. பள்ளிப் பரிசோதகர் ஒக்டோபர் இருபதாம் திகதி வருகிறார். அன்று இடாப்பில் கணிதத்துக்கு ஒரு பெயர் இல்லாவிட்டால் பரீட்சைக்குப் பிள்ளைகளின் பெயரை அனுப்ப முடியாது. வகுப்பு நின்றால் மகளைக் கிண்ணியாவுக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று அபூதாஹிர் முன்பே சொல்லியிருக்கிறார்.

உம்மிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நீர் அறிய வேண்டும் என்றுதான்.

இரத்தினேஸ்வரி

மூதூர்
28.09.1943

அன்புள்ள இரத்தினேஸ்வரி அக்காவுக்கு,

கப்பல் கதையைக் கேட்டு மைக்கல் சிரித்த சிரிப்பில் தந்தி வாங்க வந்த அலுவலர் பயந்துபோனார். இங்கேயும் ஒருவர் வந்து தபால் கந்தோரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார். "உம்மட வட்டத்தால என்ர உத்தியோகம் போனால் இரண்டு பேரும் ஒரே அலுமாரிக்குள்ளதான்" என்கிறார்.

சிரித்து முடிந்தபின் நெடுநேரம் யோசித்தேன். அந்தப் பிள்ளை பலகைக்கு முன் நிற்பதை என்னால் பார்க்க முடிந்தது. பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

அக்கா, நான் வருவேன். இதை நன்றாகக் கேளுங்கள். திருமதி இன்பமலர் மைக்கல் என்றுதான் கையெழுத்து வைப்பேன். பேணாட் என்னோடு வருவான். அலுமாரிக்குள் வைக்க எந்தத் தாளும் தரமாட்டேன். மூன்று மாதத்துக்கு என்றும் இல்லை. பரீட்சைக்கு மட்டும் தேவைப்படுகிற ஆளாக வந்து திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

இதில் ஒன்றைக்கூட நான் மனேஜரிடம் கேட்க ஏலாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்பீர்களோ தெரியாது. உங்களோடு வேலை செய்த ஒன்பது வருஷத்தில் நீங்கள் அவரிடம் இல்லை என்று சொல்லி நான் கண்டதில்லை.

இன்னொன்று. விளம்பரம் போட்டும் ஆள் வரவில்லை என்கிறீர்கள். டொக்யாட்டையும் டெலிபோனையும் குண்டையும் சொல்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் ஒன்பது பிள்ளைகளில் ஒரு கையும் எழாததற்குக் காரணம் குண்டு இல்லை. ஜெஸீமா கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று இதுவரை எழுதவில்லை.

இன்பம்

திருகோணமலை
06.10.1943

அன்புள்ள இன்பம்,

உம்முடைய கடிதம் கிடைத்த அன்று ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாளும் துணியவில்லை. பயம்தான். வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு வீடு இல்லை. அதன் பூட்டுத் திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. வியாழக்கிழமை மனேஜரிடம் போய் திங்கள் வரை தவணை கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் வருமுன் அலுமாரியைத் திறந்தேன். இப்போது இருக்கிற ஐந்து ரீச்சர்மாரின் தாள்களை எடுத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுத்தேன். சங்கீத ரீச்சர் தன்னுடையதை நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இதால பாட்டுக் கொப்பிக்கு ஒரு உறை போடலாம்" என்றாள். என்னுடையது எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. ஓரம் மஞ்சளாகிவிட்டது. வெற்றிடத்தில் அன்றைய திகதியை எழுதினேன்.

மனேஜர் வந்து உட்கார்ந்ததும் அதை அவர் முன் வைத்தேன். வாசித்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்ன ரீச்சர் இது? நாட்டில ஒரு யுத்தம் போதாதோ?"

இன்பமலர் திருமதியாகவே வருவாள், பிள்ளையோடு வருவாள், இனி இந்த அலுமாரியில் யாருடைய கடிதமும் இராது, அல்லது இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.

"விதியை நான் எழுதேல்லையே" என்றார். "எங்களுக்கு முந்தி இருந்த ஆக்கள் எழுதினது."

"ஓம். ஆனால் திகதியை எழுதினது நான்தான். அந்த வேலையை இனி நான் செய்யமாட்டன்."

"சனம் என்ன சொல்லும்? நாளைக்கு ஒருத்தி வயித்தோட வந்து பலகைக்கு முன்னால நிப்பாள்."

"நிக்கட்டும். அவளுக்குக் கதிரை போட்டுக் குடுப்பம்."

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். நான் சொன்னேன், "இண்டையோட உங்களுக்குக் கணித ரீச்சரும் இல்லை, அதிபரும் இல்லை. விளம்பரம் போடுங்கோ. பதுங்குகுழி சீமெந்தோ எண்டு கேட்டு ஒரு கடிதம் வரும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. யன்னலால் அரிசி மூட்டைகளைப் பார்த்தார். "சரி. யுத்தம் முடியும்வரைக்கும் எண்டு எழுதுங்கோ" என்றார்.

"யுத்தம் முடியிற திகதியைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

ஆகவே அந்தச் சொற்கள் இடாப்பில் இல்லை. "திருமதி இன்பமலர் மைக்கல், கணிதம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவர் பக்கத்தில் கையொப்பம் வைத்தார். என்னுடைய கடிதத்தைக் கிழித்துப் போடப் போனார். வேண்டாம், தாள் தட்டுப்பாடு என்று வாங்கிக்கொண்டேன். அதன் மறுபக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் தீர்ந்துபோய் ஓரத்தில் இறங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளும்.

வீட்டில் ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறேன். பேணாட்டுக்குத் தொட்டில் வேண்டுமா, பாய் போதுமா என்று தெரியவில்லை. எனக்கு இந்த விஷயங்களில் அனுபவம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்கல் வரலாம். மீன்குழம்பு வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஜெஸீமாவைக் கூப்பிட்டேன். "ஓம், மெய்தான்" என்றேன். "நானும் குடுத்தனான். மற்றவையிட்டயும் வாங்கினனான். நேற்றோட முடிஞ்சுது." அவள், "அப்ப இன்பமலர் ரீச்சர் எப்ப வாறா?" என்று கேட்டாள்.

உம்முடைய பழைய விலகல் கடிதத்தை இத்தோடு அனுப்புகிறேன். அது உம்முடையது. கிழிப்பதோ எரிப்பதோ உமது விருப்பம். அதில் நீல மையில் இருப்பதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தமுறை உறைக்குள் வேறு தாள் எதுவும் இல்லை.

உமது,
இரத்தினேஸ்வரி

மூதூர்
13.10.1943

அன்புள்ள அக்கா,

பேணாட்டுக்குப் பாய் போதும். தொட்டில் என்றால் ஏறிக் குதிப்பான். மீன்குழம்பு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மைக்கல் பெட்டியைக் கட்டித் தந்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு கடிதம் எழுத வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் முத்திரை குத்தக் கையில் வேலை இராதாம். படம் வரைந்தால் மட்டும் தான் பொறுப்பில்லையாம்.

நான் கிழிக்கவில்லை, எரிக்கவுமில்லை. அதன் மறுபக்கத்தில்தான் இதை எழுதுகிறேன், திருப்பிப் பாருங்கள். உங்கள் நீல மைத் திகதியை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் கறுப்பு மையில் என் கையால் 18.10.1943 என்று எழுதியிருக்கிறேன். "விலகுகிறேன்" என்பதை வெட்டி "சேருகிறேன்" என்று மாற்றியிருக்கிறேன். "பதவியிலிருந்து" என்பது "பதவியில்" ஆகிவிட்டது. "எனது சொந்த விருப்பின் பேரில்" என்ற சொற்களில் கை வைக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பொய்யாகக் கிடந்தவை. இப்போது சரி. இதை இடாப்போடு சேர்த்து வையுங்கள், பரிசோதகர் பார்க்கட்டும்.

திங்கட்கிழமை முதல் வள்ளத்தில் வந்து இறங்குவேன். இறங்குதுறைக்கு வராதீர்கள், வகுப்பில் நில்லுங்கள். பலகையைத் துடைத்து, சோக் இரண்டு எடுத்து வையுங்கள்.

நாலாவது கணக்கிலிருந்து தொடங்குவேன்.

திருமதி இன்பமலர் மைக்கல்